விரலை மடக்கு

என் நாத்தனாரை ‘ஜெராக்ஸ்’ என்று முதன்முதலில் கூப்பிட்ட புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆளின் மட்டைக்கு ஸ்ட்ரிங் கட்டும்போது ஒரு முடிச்சைத் தளர்த்தியே விட்டிருப்பேன். எங்கள் டென்னிஸ் மையத்தில் கேட்டில் நிற்கிற காவலாளியிலிருந்து கேன்டீனில் கப் கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஜெராக்ஸ்தான். வீட்டில் அவள் பாப்பா. முப்பத்தொரு வயதுப் பாப்பா, என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை.

நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஆட்டக்காரர்கள் அறுத்துக்கொண்டு வருகிற மட்டைகளுக்குப் புது ஸ்ட்ரிங் கட்டுவது என் வேலை. ஒரு மேசை, ஒரு மெஷின், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் நம்பர் மைதானம். அங்கே பாப்பா தினமும் காலையில் வேறு யாராகவோ மாறி ஆடுவதைப் பார்த்துக்கொண்டேதான் இத்தனை வருடமும் ஸ்ட்ரிங்கை இழுத்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று என் மாமியார் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். இதைப் பார்த்தும் கோபம் வராதவர்களுக்கு உடம்பில் ஏதோ கோளாறு.

எங்கள் மையத்துக்கு ஒரு நட்சத்திரம் உண்டு. நான் அவளை மகாராணி என்பேன். முதுகுக்குப் பின்னால்தான் என்று நினைக்காதீர்கள், நேரிலேயே சொல்லியிருக்கிறேன், பாராட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மகாராணிக்கு ஒரு போட்டி வருகிறதென்றால் எதிராளி யாரென்று பார்த்து, அவளுடைய ஆட்டத்தின் வீடியோவைப் பெரிய கோச் பாப்பாவின் போனுக்கு அனுப்புவார். பாப்பா இரண்டு நாள் அதையே பார்ப்பாள். மூன்றாம் நாள் காலையில் மைதானத்தில் இறங்கும்போது அவள் பாப்பா இல்லை, அந்த எதிராளி. மகாராணி அவளை அடித்துப் பழகிக்கொள்வாள். இதற்குத்தான் சம்பளம்.

கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். டிவியில் வருகிற பெரிய ஆட்டக்காரிகளுக்கு நானும் பாப்பாவும் வீட்டில் வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம். ஒருத்தி சாட்டை. அவள் மட்டையைப் பிடிப்பதே வேறு தினுசு, உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் போய்விடும். பந்துக்குக் கீழேயிருந்து கிளம்புகிற மட்டை, அடித்து முடித்ததும் தோளைச் சுற்றி நிற்காமல் தலைக்கு மேலே ஒரு சுழல் சுழன்று வரும். பந்து வலைக்கு மேலே ஆள் உயரத்தில் மிதந்து வரும்போது, பாவம், மெதுவாக அடித்துவிட்டாளே என்று தோன்றும். தரையில் பட்டதும் எகிறிக்கொண்டு வந்து தோள்பட்டையைக் கேட்கும். இன்னொருத்தி இஸ்திரி. மட்டையைப் பின்னால் இழுப்பதே தெரியாது. கடைசிக் கோட்டைத் தாண்டி ஒரு அடி பின்னால் போகமாட்டாள். பந்து எழும்பிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கையாலும் தட்டையாக ஒரே அழுத்து, எதிராளியின் வேகத்தையே வாங்கி எதிராளிக்கே கொடுத்துவிடுவாள். மூன்றாமவள் கத்தி. புறங்கையால் அடிக்கிற பேக்ஹேண்ட் அவளுக்கு ஒற்றைக் கை, மேலேயிருந்து கீழே சீவுவாள். பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டே ஓடும். குனிந்து குனிந்து எதிரே நிற்பவளுக்கு முழங்கால் கழன்றுவிடும்.

சாட்டைக்குப் பொறுமை, இஸ்திரிக்கு அவசரம், கத்திக்குக் குசும்பு. மகாராணியோடு மோதுகிற பெண்கள் எல்லோரும் இந்த மூன்று பேரில் யாரையாவது பார்த்து வளர்ந்தவர்கள்தான். எவள் வந்தாலும் பாப்பாவின் கையில் அவள் இருப்பாள். அடி மட்டுமில்லை. சர்வீஸ் போடுமுன் பந்தைத் தட்டுகிற தட்டு, தோற்ற பாயின்ட்டுக்குப் பிறகு கழுத்தைச் சொடுக்குகிற சொடுக்கு எல்லாம். மட்டையில் ஸ்ட்ரிங்கின் இறுக்கத்தைக்கூட ஆளுக்குத் தகுந்தபடி மாற்றித் தரச் சொல்வாள். இடதுகை ஆட்டக்காரி வருகிறாள் என்றால் அந்த வாரம் முழுக்க வீட்டில் இடதுகையால்தான் பல் தேய்ப்பாள்.

“இந்த வாரம் எவ நம்ம வீட்டுல தங்கியிருக்கா?” என்று மாமியார் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பாப்பாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் அந்த வாரத்து ஆளுடையதோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

அவள் அங்கே சேர்ந்தது இதற்காக இல்லை. பத்தொன்பது வயதில் ஆட்டக்காரியாகத்தான் சேர்ந்தாள். ஒருநாள் கேன்டீனில் சும்மா விளையாட்டுக்கு ஒரு வெளியூர்ப் பெண்ணின் சர்வீஸைச் செய்து காட்டியிருக்கிறாள், கையில் கரண்டியை வைத்துக்கொண்டு. பெரிய கோச் பார்த்துவிட்டார். “இதையே மைதானத்துல செய்வியா?” என்றார். செய்தாள். மறுவாரம் மகாராணி அந்தப் பெண்ணை ஊதித் தள்ளினாள். அன்றோடு பாப்பாவின் சொந்த ஆட்டத்துக்கு ஒரு பெரிய பூட்டு. “உன் ஆட்டத்துல தனியா சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லம்மா. ஆனா இந்தத் திறமை யாருக்கும் வராது” என்றாராம் அந்த மகானுபாவர். இவள் வீட்டுக்கு வந்து, பாராட்டினார் என்று சொன்னாள்! நான் அப்போதுதான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்திருந்தேன், அதனால் வாயைப் பொத்திக்கொண்டேன். இப்போதென்றால் மட்டையோடு போயிருப்பேன்.

போன வருடம் மகாராணி ஒரு பெரிய கோப்பையை ஜெயித்தாள். மைக்கை நீட்டினார்கள். அப்பாவுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, கோச்சுக்கு நன்றி, ஷூ கொடுத்த கம்பெனிக்கு நன்றி. கடைசியில் வீட்டில் வளர்க்கிற நாய்க்கு நன்றி. நாய் என்ன பேக்ஹேண்ட் அடித்துக் கொடுத்தது? வீட்டுக்கு வந்ததும் இவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏன் பாப்பா, உன் பேரு அவ வாயில வராதா?”

“அவளுக்கு என் பேரு தெரியாது அண்ணி. அக்கான்னுதான் கூப்பிடுவா.”

“இதை வெக்கமில்லாம சொல்றியேடி!”

“விடு, விடு” என்றார் என் வீட்டுக்காரர். அவர் வேலை பார்ப்பது டயர் கடையில். பஞ்சர் ஆன எதைப் பார்த்தாலும் பதற்றப்படாத மனுஷன்.

மைதானத்தில் மகாராணிக்கு ஒரு பழக்கம். ஒரு பந்தைத் தவறவிட்டால் வாயைத் திறந்து பேசமாட்டாள், ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவாள். ‘இன்னொண்ணு’ என்று அர்த்தம். உடனே பாப்பா அதே பந்தை, அதே உயரத்தில், அதே மூலைக்கு அனுப்ப வேண்டும். சரியாக அடிக்கிற வரைக்கும் விரல் மேலேயேதான் இருக்கும். ஜன்னல் வழியாக அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் என் கையில் இருக்கும் ஸ்ட்ரிங் தேவைக்கு மேல் இறுகிவிடும்.

இந்த வருடம்தான் மாநில அணிக்கான தேர்வை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். முன்பெல்லாம் கோச்சுகள் பார்த்து அனுப்புகிற ஆட்கள் மட்டும்தான். இப்போது யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். தகுதிச் சுற்றைத் தாண்டினால் நாலு நாலு பேராகப் பிரித்து, குழுவுக்குள் எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் மேலே வருகிற இரண்டு பேர் அணிக்குப் போவார்கள். வயது வரம்பு முப்பத்தொன்று. பாப்பாவுக்கு இதை விட்டால் வேறு வருடம் கிடையாது. அணியில் இடம் கிடைத்தால் அவள் ஆட்டக்காரி. கிடைக்காவிட்டால் செத்தாலும் ஜெராக்ஸ்தான்.

நான்தான் பிடித்துத் தள்ளினேன். “போ அண்ணி, நான் போய் அங்க என்ன பண்றது?” என்றாள். “டீ குடிக்கப் போ. பேரைக் குடுடி முதல்ல” என்றேன். கொடுத்தாள். தகுதிச் சுற்றில் மூன்று பேரை ஜெயித்தாள். மையத்தில் எவனும் இதைக் கவனிக்கக்கூட இல்லை. குழுக்களைப் போர்டில் ஒட்டியதும்தான் எல்லோர் கண்ணும் திறந்தது. முதல் நாள், முதல் ஆட்டம்: மகாராணியும் ஜெராக்ஸும்.

அன்று மாலை பெரிய கோச் என் அறைக்கு வந்தார். பாப்பா அங்கே உட்கார்ந்து மட்டைக் கைப்பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். வாழ்த்து சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“நாளைக்குக் காலையில வழக்கம்போல வந்துடும்மா. அவளுக்குப் பழகணும்.”

“யாரு மாதிரி சார்?” என்றாள் இவள்.

“உன்ன மாதிரிதான். நாளன்னைக்கு அவ உன்கூடத்தான ஆடணும்?”

அந்த மனுஷன் முகத்தில் ஒரு சின்னக் கூச்சமாவது தெரிகிறதா என்று பார்த்தேன். மருந்துக்குக்கூட இல்லை. தண்ணீர் பாட்டில் எடுத்து வரச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

“சார், உங்களுக்கே இது நல்லா இருக்கா? இவளைத் தோக்கடிக்க இவளே வந்து பழக்கிவிடணுமா?”

“நீங்க சும்மா இருங்கம்மா. அவ இங்க சம்பளம் வாங்குறா, லீவு போடல. நாளைக்கு வேலை நாள்தான?”

நான் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் பாப்பா பேசினாள். அவள் கேட்டது என்னைத் தூங்கவிடாமல் அடித்துவிட்டது.

“சரி சார். ஆனா... நான்னா எப்படி சார்?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பன்னிரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிற பெண், அவள் எப்படி ஆடுவாள் என்று அவருக்கும் தெரியவில்லை. “சும்மா ஆடும்மா. உனக்கு வர்றத ஆடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போகாதே என்று வீட்டில் தொண்டை கட்டும்வரை கத்தினேன். பயனில்லை. வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள். காலையில் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒன்றுமில்லாத ஆட்டம் ஆடினாள். பந்து நடுவில் போனது, நடுவிலேயே திரும்பி வந்தது. அது பயமோ குழப்பமோ தெரியாது, நடிப்பு மட்டும் இல்லை, அது எனக்குத் தெரியும். பயிற்சி முடிந்ததும் மகாராணி அவள் தோளில் தட்டி, “தேங்க்ஸ் அக்கா, ரொம்ப ஈஸியா இருந்துச்சு” என்றாள்.

ஆட்டம் நடந்த நாள் நான் லீவு போட்டேன். வீட்டுக்காரரையும் போட வைத்தேன். முதல் செட் ஆறுக்கு மூன்று என்று மகாராணிக்குப் போனது. முந்தின நாள் காலையில் பார்த்த அதே ஒன்றுமில்லாத ஆட்டம். இரண்டாவது செட்டில் கொஞ்சம் கை இளகி, நாலுக்கு நாலு வரைக்கும் பிடித்து நின்றாள். பாப்பாவின் சர்வீஸ். டியூஸ். இரண்டு பேருக்கும் சம பாயின்ட். இவள் சாட்டை மாதிரி ஒரு பந்தைச் சுழற்றி மகாராணியின் பேக்ஹேண்ட் மூலைக்குத் தூக்கிப் போட்டாள். அது தோளுக்கு மேல் எகிறியது, மகாராணி வலையில் அடித்தாள். இன்னும் ஒரு பாயின்ட் எடுத்தால் அந்த கேம் பாப்பாவுக்கு.

அப்போது மகாராணி விரலைத் தூக்கினாள்.

வேண்டுமென்று இல்லை. தவறவிட்டாள், கை தானாக எழுந்தது, அவ்வளவுதான். ஆனால் அடுத்த பாயின்ட்டில் இந்தப் பைத்தியக்காரி என்ன செய்தாள் தெரியுமா? அதே பந்தை, அதே உயரத்தில், அதே மூலைக்கு அனுப்பினாள்! போட்டியில்! மகாராணி அங்கேயே தயாராக நின்று, முன்னால் ஒரு அடி வைத்து, கோட்டை ஒட்டி ஒரே அடி. மறுபடி டியூஸ். அந்த கேம் போயிற்று. ஐந்துக்கு நாலு, அடுத்து மகாராணியின் சர்வீஸ். அதையும் அவள் எடுத்தால் ஆட்டமே முடிந்தது.

என்ன நடந்ததென்று மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாப்பாவுக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துடைக்காமல், தன் வலதுகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

“அடியே! நீ என்ன இங்க வேலைக்கா வந்திருக்கே?”

நடுவர் என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். வீட்டுக்காரர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். “விடு, விடு” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மகாராணி சர்வீஸ் போட்டாள். முதல் பாயின்ட்டில் பந்து நாலைந்து முறை போய் வந்து, கடைசியில் அவளே வெளியே அடித்தாள். அடித்துவிட்டு மறுபடி விரலைத் தூக்கினாள். ஆனால் இந்தத் தடவை அது கை தானாகத் தூக்கிய விரல் இல்லை. பாப்பாவையே பார்த்துக்கொண்டு, உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு தூக்கினாள். போன கேமில் அது வேலை செய்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேடுகெட்ட புத்தி!

பாப்பா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு வலைக்கு நாலு அடி தள்ளி வரைக்கும் நடந்து வந்தாள்.

“விரலை மடக்கு.”

மெதுவாகத்தான் சொன்னாள். மைதானம் முழுக்கக் கேட்டது. மகாராணிக்குச் சிரிப்பு போய்விட்டது.

“என்னக்கா?”

“மடக்குன்னு சொன்னேன். நான் உனக்குப் பந்து போட வரல.”

நடுவர் பாப்பாவை எச்சரித்தார். எச்சரிக்கட்டுமே! அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கன்னம் சிவந்து, காது சிவந்து, மூச்சு வாங்கியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கோபம் வந்துவிட்டதே, வந்துவிட்டதே என்று வீட்டுக்காரரின் தொடையில் அறைந்துகொண்டிருந்தேன். பாவம், மறுநாள் நொண்டினார்.

அதற்குப் பிறகு அவள் ஆடியதற்கு நாங்கள் வீட்டில் வைத்திருக்கிற எந்தப் பெயரும் பொருந்தாது. ஒரு பந்து சாட்டை, தோளுக்கு மேல் எகிறி மகாராணியைக் கோட்டுக்குப் பின்னால் தள்ளியது. அடுத்த பந்து கத்தி, வலைக்கு அந்தப் பக்கம் கிட்டத்திலேயே விழுந்து வழுக்கிக்கொண்டு போய் அவளைக் குனிந்து ஓடிவர வைத்தது. வந்தவள் நிமிர்வதற்குள் இஸ்திரி, இரண்டு கையால் ஒரே அழுத்து. மகாராணிக்கு இதுவரை எந்த எதிராளியும் பயிற்சியில் பழகிப் பார்த்ததை விட்டு ஆள் மாறி வந்ததில்லை, அதிலும் ஒரே பாயின்ட்டுக்குள் மூன்று பேர் வந்ததில்லை. எங்கே நிற்பது, மட்டையை எவ்வளவு இழுப்பது, முழங்காலை எப்போது மடக்குவது, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் இதையெல்லாம் அவளுக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுத்தது இவள்தானே!

இரண்டாவது செட் ஏழுக்கு ஐந்து. மூன்றாவது ஆறுக்கு நாலு. மகாராணி கடைசி வரைக்கும் போராடினாள், அதைச் சொல்லாமல் இருந்தால் நான் நியாயமில்லாதவள். ஆனால் அந்த விரல் மறுபடி மேலே வரவில்லை.

கை கொடுக்க வலைக்கு வந்தபோது மகாராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வேலியைத் தாண்டாத குறையாக உள்ளே ஓடினேன். பாப்பாவைக் கட்டிக்கொண்டு என்னென்னவோ உளறினேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, துடைக்கத் துண்டு கையில் இருந்தும், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போது பெரிய கோச் வந்தார். ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். எத்தனை பட்டாலும் எனக்குப் புத்தி வராது. போனை நீட்டினார்.

“நாளைக்குச் சாயந்திரம் அவளுக்கு உங்க குழுவுல இருக்கிற இடதுகைக்காரியோட ஆட்டம். வீடியோ இதுல இருக்கு, இன்னைக்கே பாத்துடு. காலையில ஏழு மணிக்கு வந்து ஆடிக் காட்டு. இன்னைக்குத் தோத்துட்டதால நாளைக்கு அவ ஜெயிச்சே ஆகணும்.”

“நாளைக்கு எனக்கும் மேட்ச் இருக்கு சார்” என்றாள் பாப்பா.

“அது மத்தியானம்தான?”

நான் வாயைத் திறந்தேன். ஆண்டவன் மேல் சத்தியமாக, அன்று வாயில் வந்ததை நான் சொல்லியிருந்தால் அந்த மையத்தில் எனக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் பாப்பா என் கையைப் பிடித்து அழுத்தினாள், போனை வாங்கினாள். அந்த வீடியோவைப் பார்க்க ஆரம்பித்தாள். இவ்வளவுக்கும் பிறகா? நின்ற இடத்திலேயே, நெற்றி வியர்வை போன்மேல் சொட்டச் சொட்ட, முழுதும் பார்த்தாள். ஒரு இடத்தில் நிறுத்திப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள்.

“சர்வீஸ் வெளிப்பக்கமாப் போடும்போது பந்தைக் கொஞ்சம் முதுகுப் பக்கம் தூக்குறா” என்றாள்.

“அதான், அதையேதான் அவளுக்குக் காட்டணும்” என்றார் கோச், சந்தோஷமாக.

பாப்பா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நாளன்னைக்கு எனக்கும் இவளோடதான் சார் ஆட்டம். எனக்கு யாரு சார் இவள மாதிரி ஆடிக் காட்டுவாங்க?”

அவர் ஏதோ ஜோக் என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தார். பாப்பா சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி, பதிலுக்காக அங்கேயே நின்றாள்.